துண்டுக்கு அடியில் கொஞ்சம் இருட்டு

புதுக்கொற்கைச் சந்தையில் எதைக் கேட்டாலும் கிடைக்கும். பூமியிலிருந்து வந்த புளி கிடைக்கும். பூமியையே பார்க்காத புளியும் அதே பெயரில் கிடைக்கும். செத்துப்போன மாமனாரின் குரலில் மணி சொல்லும் கடிகாரம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அது பாதி விலைக்கு வரும். தெரியாதவனுக்கு வீட்டில் வசவோடு வரும். இருட்டு மட்டும் அங்கே கிடைக்காது. செவ்வாயின் அந்த மூலையில் கவிகைக் கூரை போட்டு நம்மவர்கள் குடியேறி நான்கு தலைமுறை ஆகிவிட்டது. அதில் கடைசி இரண்டு தலைமுறை இருட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

காரணம் விழியொட்டு. பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றே கண்ணிலும் அதை ஒட்டிவிடுவார்கள். வெங்காயத் தோல் கனத்தில் ஒரு சவ்வு, அவ்வளவுதான். விளக்கு அணைந்தால் அது தன் வெளிச்சத்தைக் கொடுக்கும். தூங்குவதற்காகக் கண்ணை மூடினால் இதமான நீலத்தைக் காட்டும். அதோடு, பார்க்கிற முகத்துக்கெல்லாம் மெருகு போடும். எதிரே வருகிறவர் நகரப் பதிவில் எந்த முகத்தைக் கொடுத்து வைத்திருக்கிறாரோ அந்த முகம்தான் தெரியும். அதனால் ஊரில் முப்பது வயதைத் தாண்டியவர் எவருமில்லை. எண்பதில் செத்தவரையும் முப்பது வயதுப் பிணமாகத்தான் தூக்கிப் போனார்கள். காலையில் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "என்னக்கா, மூக்க மாத்திட்டிய போல, நல்லாருக்கு" என்பார்கள். புதுச் சேலையா என்று நாம் கேட்கிற மாதிரி.

தண்ணீர் கதையும் அப்படித்தான். குடிக்கப் பையில் வரும், குளிக்கப் பனிப்புகையாக வரும். தேங்கி நிற்கும் தண்ணீர் என்று ஒன்று உண்டென்றால் அது ஊரின் ஓரத்தில், பனிப்பாறையை உருக்கும் உருகுகூடத்தில், மூடி போட்ட தொட்டிக்குள் இருந்தது. முகம் பார்க்க எவருக்கும் அது தேவைப்படவில்லை. தட்டின் முதுகு, கண்ணாடிக் கதவு, எது பளபளத்தாலும் அதில் தெரிகிற முகத்தை விழியொட்டே துடைத்துவிட்டு, பதிவிலிருக்கும் அழகான முகத்தை அங்கே வைத்துவிடும். வாடிக்கையாளர் திடுக்கிடக் கூடாது என்பது அதைச் செய்தவர்களின் கொள்கை. நல்ல கொள்கைதான். கடைக்காரன் எவனும் தராசைத் திருப்பிக் காட்டமாட்டான்.

இப்படிப்பட்ட ஊரில் உலகம்மாள் என்கிற அசைபடக்காரிக்கு இருட்டும் தண்ணீரும் வேண்டியிருந்தன.

அவளுக்கு அந்த ஆசை வந்தது ஒரு விளம்பரத்தால். நீர்ப்பை விற்கிறவர்களுக்காக நான்கு அசையும் படங்கள் வரைய வேண்டும் என்று உருகுகூடத்துக்குப் போயிருந்தாள். அன்று ஒரு தொட்டியைப் பழுதுபார்க்கத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த நேரம் கூடத்தில் மின்சாரம் போயிற்று. கூடவே விழியொட்டுகளுக்கு உயிர் கொடுக்கும் அலையும் அறுந்தது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒன்று நான்கு பக்கமும் வந்து அவளை மூடியது. எங்கோ ஒரு காவலாளியின் கைவிளக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கில், கீழே, கறுப்பாய்க் கிடந்த தண்ணீருக்குள் ஒரு பெண்பிள்ளை நிற்பது தெரிந்தது. கன்னம் தொங்கி, ஒரு இமை சரிந்து, வாயைச் சுற்றிக் கோடு விழுந்த பெண்பிள்ளை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, விழுந்திரப் போறிய" என்றாள் உலகம்மாள்.

அந்த அம்மாளும் அதே நேரத்தில் வாயசைத்தாள்.

இவள் கையை நீட்டினாள், அவளும் நீட்டினாள். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. தண்ணீரில் முப்பது வயது உலகம்மாள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதை அவள் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பாள். பத்துப் பேரும் கண் வைத்தியரின் முகவரியைக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஒருத்தியைத் தன் தோலுக்குள் வைத்துக்கொண்டு தான் மட்டும் ஊரில் நடமாடுவதாக அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு முழுநீளப் படம் வரைந்தாள்.

படத்தின் பெயர் 'பனிவெட்டி'. கொம்பையா என்கிற பனிவெட்டும் தொழிலாளியின் முகம் நகரப் பதிவிலிருந்து தவறுதலாக அழிந்துவிடுகிறது. அன்றிலிருந்து எல்லார் கண்ணுக்கும் அவன் ஒரு சாம்பல் கறை. மனைவி, "யாருவே நீரு, வீட்டுக்குள்ள வாரீரு" என்று கதவைச் சாத்துகிறாள். நாளாக ஆக அவனுக்கே தான் யார் என்பது நழுவுகிறது. கடைசியில் உருகுகூடத்துக்குப் போய், விளக்கை உடைத்து, தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்க்கிறான். திரை முழுக்க இருட்டு. இருட்டுக்குள் தண்ணீரின் அசைவு. அந்த அசைவிலிருந்து மெல்ல மேலே வருகிறது ஒரு முகம். சோர்ந்த, யாரென்று தெரியாத முகம். அவன் அதைப் பார்க்க, அது அவனைப் பார்க்க, படத்தின் உயிரே அங்கேதான் இருந்தது.

சத்தம் சேர்த்தவன் ஜெபமணி. இருபது வருடமாக அவளோடு வேலை செய்கிறவன், கூடப் பிறக்காத தம்பி. தேங்கிய தண்ணீர் தளும்பும் சத்தத்தை அவன் கேட்டதேயில்லை. பழைய விண்கவசத் தொப்பிக்குள் ஜவ்வரிசியைப் போட்டு உருட்டி உருட்டி அதைக் கண்டுபிடித்தான். "அக்கா, இதக் கேட்டா எனக்கே எந்திரிச்சு ஓடலாம்னு தோணுது" என்று சொல்லிச் சிரித்தான்.

எல்லாம் சரி. ஆனால் விழியொட்டு இருக்கும்வரை அந்தக் காட்சி செல்லாது. இருட்டு வந்ததும் அது வெளிச்சம் போட்டுவிடும். தண்ணீரில் முகம் வந்ததும், பார்க்கிறவரின் பிம்பம் போலிருக்கிறது என்று நினைத்து, அவரவர் அழகு முகத்தைத் தூக்கி வைத்துவிடும். ஆகவே அந்தக் காட்சி ஓடுகிறவரை அரங்கத்தில் விழியொட்டுகளை அணைத்து வைக்க வேண்டும். அந்த அதிகாரம் அரங்க உரிமையாளருக்கு உண்டு. ஊரில் ஒரே அரங்கம். உரிமையாளர் தவசி அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குப் படத்தைவிட இடைவேளையில் விற்கும் பாசிப்பொரி மேல் பாசம் அதிகம்.

"இருட்டுல எவன் தாயி பொரி வாங்குவான்? வாய் எங்க இருக்குன்னே தெரியாதுல்லா."

"அந்த ஒரு காட்சிக்குத்தான் அண்ணாச்சி. அதுக்குள்ள பொரியத் தின்னு முடிச்சிருப்பாவ."

"உக்காரு. வாயால பேச வேண்டாம்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டார். உலகம்மாள் தன் கையை அதற்குள் நுழைத்தாள்.

இது அந்த ஊர் வியாபாரிகளின் பழக்கம். முப்பாட்டன்மார் மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு, விரலைப் பிடித்துப் பேரம் பேசியவர்கள். செவ்வாயில் மாடு கிடையாது. துண்டு மட்டும் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அதற்குப் புது மவுசு. விழியொட்டு பார்ப்பதையும் கேட்பதையும் எல்லாம் சேர்த்து வைக்கும், கேட்கிற அதிகாரிக்குக் கொடுக்கும். துண்டுக்கு அடியில் நடப்பது மட்டும் அதற்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் ஊரில் மிச்சமிருந்த இருட்டு அவ்வளவுதான், ஒரு துண்டு அகலம். அங்கே கொடுத்த கைக்குச் சாட்சி இல்லை, பதிவு இல்லை, அதனாலேயே அதை எவரும் மீறுவதில்லை. மீறியவனுக்கு அதற்குப் பிறகு சந்தையில் எவனும் கை நீட்டமாட்டான்.

அண்ணாச்சி சுண்டுவிரலின் நுனியைக் கொடுத்தார். கண் சிமிட்டும் நேரத்துக்கு இருட்டு, அவ்வளவுதான் என்று அர்த்தம். அவள் அதைத் தள்ளிவிட்டு உள்ளங்கை முழுவதையும் பிடித்தாள். அவர் முகத்தைச் சுளித்து, கூரையைப் பார்த்து, இரண்டு விரலுக்கு வந்தார். அவள் விடவில்லை. மூன்று விரல். ஏதோ சொத்தையே எழுதி வைக்கிற பாவனையில் பெருமூச்சோடு நான்காவது. அவள் கட்டை விரலையும் சேர்த்து இறுக்கினாள். கடைசியில் அவர் கை தளர்ந்து, விரிந்து, அவள் கைக்குள் முழுதாக வந்தது. காட்சி முழுக்க இருட்டு. முடிந்தது.

"பிடிச்ச பிடியில ரத்தம் கட்டிட்டு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் அண்ணாச்சி.

முதல் காட்சியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. உலகம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இந்தப் படத்தை வரைவதற்காகத் தன் விழியொட்டைத் தானே அணைத்துக்கொள்ள அவள் அனுமதி வாங்கியிருந்தாள். நெற்றிப் பொட்டில் மூன்று தட்டு தட்ட வேண்டும். கொம்பையா விளக்கை உடைத்ததும் தட்டினாள். எத்தனையோ முறை பார்த்து வரைந்த அந்த இருட்டு வந்து சூழ்ந்தது. ஜெபமணியின் தண்ணீர் தளும்பியது. முகம் மேலே எழுந்து வந்தது. அரங்கத்தில் அத்தனை பேரும் ஒன்றாய் மூச்சை இழுப்பது அவள் காதில் விழுந்தது. யாரோ விசும்பினார்கள். தனக்கு முன்னால் வரிசை வரிசையாக ஒரு ஊரே அவளோடு சேர்ந்து இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கும் கண் நிறைந்தது.

படம் முடிந்து வெளியே வந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெபமணி ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்தான்.

"அக்கா, அது நான்தான் அக்கா. அந்தத் தண்ணிக்குள்ள இருந்தது நான்தான்."

"நானுந்தான்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண். "என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. எப்படித்தான் வரஞ்சியளோ."

மூன்று வருடமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த வார்த்தை. உலகம்மாள் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"பயமா? ஏங்க்கா பயம்? என் மூக்குத்தி என்னமா மின்னுச்சு. கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு நல்லா இல்ல."

"என் மீசையச் சொல்லு" என்றார் அவள் கணவர். "ஒரு முடி பிசகல."

"லைட்டிங்தான் அபாரம்" என்றார் இன்னொருவர். "அந்த இடத்துல பளீர்னு இருந்துச்சு பாருங்க."

உலகம்மாளின் கை தோளிலிருந்து இறங்கிற்று. திரும்பி ஜெபமணியைத் தேடினாள். அவன் கூட்டத்துக்குள் போயிருந்தான். ஒரு ஊரோடு சேர்ந்து உட்கார்ந்திருந்ததாக நினைத்த இருட்டில் அவள் ஒண்டியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அண்ணாச்சி பின்கட்டில் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. பொரி ஒரு மணி மிச்சமில்ல, பாத்தியா."

"விழியொட்ட அணைச்சியளா, அண்ணாச்சி?"

அவர் பொய் சொல்லவில்லை. வியாபாரிக்குப் பொய் தேவைப்படுவது சரக்கு கைமாறும் வரைதான். அதற்குப் பிறகு அது வீண் செலவு.

"இல்ல."

"கை குடுத்திய."

"குடுத்தேன்."

"நாளைக்குச் சந்தையில நின்னு சொல்லுவேன். துண்டுக்குள்ள குடுத்த கைய மீறிட்டாருன்னு."

"சொல்லு. யாருக்கு என்ன நட்டம்னு கேப்பாவ. வந்தவன் பூராவும் சந்தோசமாப் போயிருக்கான். நீ என்ன பதில் வச்சிருக்க?"

அண்ணாச்சி ஒரு சாக்கை அவள் பக்கம் நகர்த்தி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர்தான் உட்கார்ந்தார்.

"முந்தாநேத்து ஒத்திகை போட்டேன், தாயி. பொரி வறுக்கிறவன், வாசல்காரன், என் வீட்டுக்காரி, உன் ஜெபமணி. சொன்னபடி அணைச்சேன். தண்ணிச் சத்தம் வந்ததும் பொரிக்காரன் அலற ஆரம்பிச்சிட்டான். வாசல்காரன் வாசல் எங்கன்னு தெரியாம செவுத்துல முட்டுனான். என் கைய யாரோ பிடிச்சாவ. உதறிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, என் வீட்டுக்காரி. இத்தன வருசம் பிடிச்ச கை. வெளிச்சமில்லாம அது யாரு கையின்னு எனக்குத் தெரியல."

"ஜெபமணி இருந்தானா?"

"அவன் சொல்லியிருக்க மாட்டான். முதல்ல எந்திரிச்சு ஓடுனதே அவன்தான். அந்த முகம் வர்ற வரைக்குங்கூட உக்காரல. வெளிய நின்னுக்கிட்டு, அணைக்காதிய அண்ணாச்சி, ஜனங்க தாங்காது, அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னான்."

அது நான்தான் அக்கா என்று கையைப் பிடித்தானே, அந்தச் சூடு இன்னும் அவள் விரல்களில் இருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களும் ஓடிட்டியளா?"

"இல்ல. கடைசி வரைக்கும் இருந்தேன்." அண்ணாச்சி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த மொகம் மேல வந்துச்சு. எவனோ வாரான்னு பாத்தேன். பாக்கப் பாக்க, நான் எப்பவோ விட்டுட்டு வந்த ஆளு மாதிரி இருந்துச்சு. நீ உருகுகூடத்துல கண்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. எனக்கும் அப்படித்தான் இருந்தது, தாயி."

கேட்ட சரக்கு கைக்கு வந்துவிட்டது. கொண்டு வந்து கொடுத்தவன்தான் திருடன். உலகம்மாளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"அப்படின்னா ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சிய?"

"அதனாலதான். எனக்கு அந்த ஒரு தடவ போதும். ஊரே அப்படி எந்திரிச்சு நின்னா மறுநாள் எவன் கடையத் தொறப்பான்? எவ எவனுக்குச் சோறு போடுவா?"

"இப்ப ஒரு நிமிசம் உங்களுத அணைச்சிட்டு என்னப் பாருங்க. நானும் பாக்கேன். ஒரு நிமிசம்."

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாக்குகளின் பக்கம் திரும்பினார். "வேண்டாம். உன்ன இப்படியே பாத்துப் பழகிட்டேன்." பிறகு, திரும்பாமலே கேட்டார்: "நீ மூணு வருசமா அணைச்சு அணைச்சு வரஞ்சியே. ஒரு தடவையாவது உன் மூஞ்சியப் பாத்தியா?"

மூன்று வருடமும் அவள் வரைகிற மேசை மேல் பளபளவென்று தட்டுகளும் கண்ணாடிகளும் கிடந்தன. இருட்டை வரைந்திருக்கிறாள், தண்ணீரை வரைந்திருக்கிறாள். தட்டைத் திருப்பி முகம் பார்த்ததில்லை. அன்று உருகுகூடத்தில் பார்த்ததோடு சரி. அந்த அம்மாளைக் கொம்பையாவின் தலையில் கட்டிவிட்டு இவள் தப்பித்துக்கொண்டாள்.

அவள் சாக்குகளைத் தாண்டி வெளியே வந்தாள்.

படம் ஓடியதில் ஊருக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. தண்ணீரில் முகம் பார்ப்பது. தட்டிலும் கதவிலும் தெரிவது சப்பென்று ஆகிவிட்டது. தண்ணீரில் தெரிந்தால்தான் ஆழம் என்றார்கள். உருகுகூடத்தார் சும்மா இருப்பார்களா, ஒரு தொட்டியின் மூடியைக் கழற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வாசலில் அண்ணாச்சியின் பொரிக்கடை. ஜனங்கள் வரிசையில் வந்து, விளிம்பில் குனிந்து, தாடையை இப்படியும் அப்படியும் திருப்பி, பிடித்த கோணத்தில் ஒரு படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு நகர்ந்தார்கள். அனுப்புகிறபோது கூடவே, 'நான் யார்?' என்று ஒரு வரி எழுதுவது வழக்கமாகிவிட்டது. பதிலுக்கு, 'அழகி' என்று வரும்.

தொட்டித் தண்ணீர் அசையாமல் கிடந்ததால் அதில் சத்தம் வரவில்லை. வந்தவர்கள் குறைப்பட்டார்கள். ஆகவே ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு ஜெபமணியை உட்கார வைத்திருந்தார்கள். அவன் விண்கவசத் தொப்பிக்குள் ஜவ்வரிசியை உருட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் வரிசையில் உலகம்மாளைக் கண்டதும் அவன் கை நின்றது.

"அக்கா, நீங்க ஏன் வரிசையில? நேரா முன்னால போங்க. உங்களாலதான இதெல்லாம்."

"நீ உருட்டு" என்றாள் உலகம்மாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உருட்டினான்.

அவள் வரிசையிலேயே நின்றாள். அண்ணாச்சி கேட்ட கேள்வி காலில் முள்ளாய் ஏறி அவளை இதுவரை நடத்தி வந்திருந்தது. ஊரே ஏமாற்றினாலும் தான் தன்னை ஏமாற்றப் போவதில்லை. இன்றைக்கு அணைத்துவிட்டுத்தான் பார்ப்பது. அந்த அம்மாளை நேருக்கு நேர் பார்த்து, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது.

அவள் முறை வந்தது. விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். தண்ணீரில் முப்பது வயது உலகம்மாள் சிரித்தாள். இவள் விரலை நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டினாள். இன்னொரு தட்டு. மூன்றாவதற்கு உயர்ந்த விரல், போகிற வழியில், நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. ஒதுக்கியதும் நன்றாகத்தான் இருந்தது.

"சீக்கிரம் பாருங்கக்கா, நாங்களும் நிக்கோம்லா" என்றாள் பின்னால் நின்ற பெண். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, ஒருத்திக்கு இன்னொருத்தி செய்கிற உதவியாகச் சொன்னாள்: "இடது பக்கம் கொஞ்சம் திரும்புங்க. உங்களுக்கு அதுதான் எடுப்பு."

உலகம்மாள் திரும்பினாள்.